மானுக்குத் தெரியாமல் மானைப் பார்க்க: சென்னையில் தானியங்கி கேமரா கட்டுவோருக்கு

கிண்டி, வேளச்சேரி பக்கம் குடியிருப்பவர்களுக்கும் தாம்பரத்தில் கல்லூரி படித்தவர்களுக்கும் புள்ளிமான் புதிதில்லை. சாலையோரம் நிற்கும், நம்மைப் பார்க்கும், நாமும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அப்படி நாம் பார்ப்பது, ஆள் இருப்பது தெரிந்து நிற்கிற மான். இரவு இரண்டு மணிக்கு அது எங்கே படுத்து அசைபோடுகிறது, குட்டியை எந்தப் புதரில் விட்டுவிட்டு மேயப் போகிறது, நாய் துரத்தினால் எந்தச் சந்து வழியாக ஓடுகிறது என்பதெல்லாம் நம் கண்ணுக்கு வராது. அதற்குத்தான் மிருகம் முன்னால் வந்தால் தானாகவே படம் எடுக்கும் தானியங்கி கேமரா. வனத்துறையினர் 'கேமரா ட்ராப்' என்பார்கள், விற்பவர்கள் 'ட்ரெயில் கேமரா' என்பார்கள். பொருள் ஒன்றுதான். 2018-19இல் நடந்த அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இந்தக் கேமராக்களைக் கட்டி, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் படங்கள் எடுத்தார்கள். அதே கருவியை நம் வீட்டுக் கொல்லையிலும் கட்டலாம்.

தென்சென்னையில் புதர்க்காட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நான்கு வருடமாக ஒரு கேமராவைக் கட்டி வருகிறேன். இப்போதுதான் ஒன்று வாங்கியவருக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவருக்கும் இதை எழுதுகிறேன்.

எங்கே கட்டலாம், எங்கே கூடாது

ஆர்வத்தில் பலரும் முதலில் தவறுவது இங்கேதான். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆனாலும் அது தேசியப் பூங்கா. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது, கேமரா கட்டுவது பிறகு. நன்மங்கலம், வண்டலூர் போன்ற காப்புக்காடுகளிலும் அப்படித்தான். வேலி கிழிந்திருக்கிறது, வாட்ச்மேன் இல்லை என்பதற்காக உள்ளே போய் மரத்தில் கட்டிவிட்டு வராதீர்கள். கேமரா போவது ஒருபுறம், வழக்கும் வரும்.

கட்டுவதற்கு நல்ல இடம் காட்டின் ஓரம். ஆளுநர் மாளிகை, தேசியப் பூங்கா, 1959இல் தொடங்கிய ஐஐடி வளாகம் எல்லாமே ஒரே பழைய காட்டின் துண்டுகள்தான். நடுவே சுவர் எழுப்பியது நாம். மரநாயும் கீரியும் அந்தச் சுவரைப் பொருட்படுத்துவதில்லை. 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறித்தவக் கல்லூரியின் வளாகமும் புதர்க்காடு மிஞ்சி நிற்கும் இடம். இப்படிப்பட்ட வளாகத்தில் நீங்கள் குடியிருந்தாலோ, படித்தாலோ, வேலை பார்த்தாலோ நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த மரத்தில், எத்தனை நாள், படங்களை யார் பார்ப்பார்கள், மனிதர்கள் பதிவானால் என்ன செய்வீர்கள் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்திடம் எழுத்தில் வாங்குங்கள். செங்கல்பட்டு, திருப்போரூர் பக்கம் உறவினர் யாருக்காவது தோப்பு இருந்தால் இன்னும் எளிது.

அனுமதி கிடைத்ததும் காவலாளிகளுக்கும் தோட்ட வேலை செய்பவர்களுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். தங்களை யாரோ ரகசியமாகக் கண்காணிக்கிறார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு வரக்கூடாது. கேமராவைக் காட்டி, மெமரி கார்டில் உள்ள படங்களையும் காட்டுங்கள். நடைபாதை, வீட்டு ஜன்னல், குளியலறைப் பக்கம் எதுவும் படத்துக்குள் வராதபடி திருப்பி வையுங்கள். தப்பித்தவறி ஆள் பதிவானால் அந்தப் படத்தை உடனே அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கேமரா எதைப் பார்க்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். இந்தக் கேமரா அசைவை மட்டும் பார்ப்பதில்லை. முன்பக்கத்தில் லென்ஸுக்குக் கீழே வெள்ளையாக, கொஞ்சம் புடைத்தாற்போல் ஒரு தகடு இருக்கும். அதன் பின்னால் இருப்பது பிஐஆர் எனும் வெப்பம் உணரும் சென்சார். எதிரே உள்ள பரப்பைப் பட்டைப் பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே வெப்பம் சட்டென்று மாறுகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். பின்னணியைவிடச் சூடான, அல்லது குளிர்ந்த, ஏதோ ஒன்று குறுக்கே நகர்ந்தால் படம் எடுக்கும்.

சென்னையில் இதனால் ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளில் அது பெரிதாக வராது. அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் தரை, மரப்பட்டை, மானின் மேல்ரோமம் எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடும். வித்தியாசம் இல்லையென்றால் சென்சாருக்கு மான் இல்லை. கேமராவுக்கு நாலடி முன்னால் மான் நடந்து போனாலும் படம் விழாது. அதே நேரம், வெயில் பட்டுக் கொதிக்கும் ஒரு இலை காற்றில் ஆடினால் அது மிருகம் மாதிரித் தெரியும். என் முதல் மே மாதத்தில், ஒரே வாரத்தில் ஆயிரத்துக்கும் மேல் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரு நொச்சிக் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆகவே கோடையில் மூன்று காரியம் செய்யுங்கள். சென்சாரின் உணர்திறனை 'ஹை'யில் வையுங்கள். பின்னணி நிழலாக இருக்கும்படி பாருங்கள். வெட்டவெளித் தரையோ, வெயில் அடிக்கும் மதிலோ பின்னால் இருக்க வேண்டாம். மதியப் படங்களின் எண்ணிக்கையை வைத்து 'மான் வரவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். மார்கழி, தை மாத விடியலில் உணர்திறனை 'மீடியம்' ஆக்கினாலே போதும். அப்போது மானின் உடல் சூடு தெளிவாகத் தெரியும். கேமரா கற்றுக்கொள்ள அதுதான் மிக நல்ல பருவம் என்பேன்.

இன்னொன்று. பாம்பு, உடும்பு, ஆமை எல்லாம் சுற்றுப்புறச் சூட்டிலேயே இருக்கும் உயிர்கள். சென்சாரை நம்பினால் இவை அனேகமாகச் சிக்காது. உடும்பு வரும் இடம் தெரிந்தால் 'டைம் லாப்ஸ்' முறையில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது

பெட்டி மேல் போட்டிருக்கும் மெகாபிக்ஸல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பல மலிவு கேமராக்களில் படம் பிடிக்கும் சிறிய சென்சார் தரும் படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கியிருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, மிருகம் வந்ததும் எவ்வளவு வேகமாகப் படம் எடுக்கிறது என்பது. அரை விநாடிக்குள் எடுத்தால் நல்லது. ஒரு விநாடிக்கு மேல் போனால் கீரியின் வால்தான் கிடைக்கும்.

இரவுப் படத்துக்கு அகச்சிவப்பு விளக்கு இருக்கும். இதில் இரண்டு வகை. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் வரை எட்டும், ஆனால் எரியும்போது மங்கலாகச் சிவப்பு தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. நம் ஊர் வளாகங்களுக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. புதர்க்காட்டில் மான் ஐந்தாறு மீட்டருக்குள்தான் வரும், அதற்கு மேல் தூரம் தேவைப்படாது. சிவப்புப் புள்ளி தெரிந்தால் மான் நிமிர்ந்து பார்க்கும், திருடனும் பார்ப்பான்.

பெரும்பாலான கேமராக்களுக்கு எட்டு டபுள் ஏ செல் வேண்டும். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். லித்தியம் செல் விலை அதிகம், ஆனால் வாரக்கணக்கில் உழைக்கும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் தரும். சில கேமராக்களில் அது போதாமல் இரவு விளக்கு மங்கிவிடும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மெமரி கார்டு 32 ஜிபி போதும், ஆனால் இரண்டு வாங்குங்கள்.

இடத்தைப் படிப்பது

கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கையை வீசி நடங்கள். இதில் செலவழிக்கும் நேரம்தான் படமாக வரும்.

தேட வேண்டியது தடயம். புள்ளிமானின் குளம்படி இரண்டாகப் பிளந்து முன்பக்கம் கூராக இருக்கும். ஆட்டுக்குளம்படி போலவே தோன்றும், ஆனால் இன்னும் ஒடுங்கியிருக்கும். மழை பெய்த மறுநாள் ஈரமண்ணில் நன்றாகப் படியும். புழுக்கை குவியலாகக் கிடக்கும். புதிதென்றால் கறுத்துப் பளபளக்கும், பழையதென்றால் காய்ந்து வெளுத்திருக்கும். இளமரங்களின் பட்டை ஒரே உயரத்தில் உரிந்திருந்தால் அங்கே ஆண்மான் கொம்பைத் தேய்த்திருக்கிறது. புதருக்கு அடியில் குகை மாதிரி ஒரு வழி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் அது மரநாய், கீரி, முயல் போகும் பாதை. இடுப்பு உயரத்துக்கு இலைகள் ஒரே கோட்டில் கடிக்கப்பட்டிருந்தால் மான் மேய்ந்திருக்கிறது. ஆலமரமும் அத்தியும் பழம் உதிர்க்கும் நாட்களில் அடிமரத்துப் பக்கம் அவசியம் பாருங்கள். குரங்குகள் மேலே தின்னும்போது கீழே விழுவதைப் பொறுக்க மான்கள் வந்துவிடும்.

நான் முதலில் கிணற்றடிதான் நல்ல இடம் என்று நினைத்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். வளாகத்தைப் பெருக்கும் அம்மா ஒருநாள் கேட்டார், "இன்னா தம்பி, டெய்லி இங்கயே தேடினு கீற?" மான் வரும் இடம் பார்க்கிறேன் என்றேன். "கெணத்தாண்ட எங்க வருது? பின்னால தண்ணி டேங்க்காண்ட போய்ப் பாரு. டெய்லி காலைல புழுக்கை கெடக்குது, நான்தானே பெருக்குறேன்." அங்கே குழாய்க் கசிவில் சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அன்று மாலையே அங்கே கட்டினேன். மூன்றாம் நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு நான்கு பெண்மான்களும் ஒரு குட்டியும் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் படம் கிடைத்தது. முதல் பிரதியை அந்த அம்மாவுக்குத்தான் கொடுத்தேன். உங்கள் வளாகத்திலும் விடியலில் வேலைக்கு வருபவர்களைத்தான் முதலில் கேளுங்கள்.

எந்த மிருகத்துக்காகக் கட்டுகிறீர்கள் என்பதையும் தீர்மானியுங்கள். புள்ளிமான் புதரும் புல்லும் சேரும் ஓரங்களை விரும்பும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும், பகலிலேயே மேயும். பழந்தமிழில் இரலை என்று சொன்னது இதைத்தான். முறுக்கிய கொம்பு அதற்கு உதிர்வதே இல்லை. புள்ளிமானின் கிளைத்த கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். குள்ளநரி, மரநாய், புனுகுப்பூனை எல்லாம் சுவரோரம் ஒட்டியே நடக்கும், அதுவும் இருட்டிய பிறகு.

இரை வைக்காதீர்கள். அரிசி, வாழைப்பழம், ரொட்டி எதுவும் வேண்டாம். வைத்தால் முதலில் வருவது எலியும் நாயும். மான் வந்தாலும் மனிதர் வைக்கும் தீனிக்குப் பழகிவிடும். பிறகு குப்பைத்தொட்டியிலும் வாய் வைக்கும், அங்கே உணவோடு பிளாஸ்டிக் பையும் வயிற்றுக்குள் போகும். நகரத்து மான்கள் பல இப்படித்தான் செத்துப்போகின்றன. ஒரு படத்துக்காக அந்த வழியைத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வராது என்று நம்புகிறேன்.

கட்டுவது

ஆடாத மரமாகப் பாருங்கள். ஒரு கை அகலம் தண்டு இருந்தால் போதும், ஆனால் காற்றில் அசையக்கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த ஊரில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பட்ட மரத்திலோ வேர் தளர்ந்த மரத்திலோ கட்ட வேண்டாம். ஆணி அடிக்காதீர்கள். கேமராவோடு வரும் நாடாவே போதும்.

மானுக்கு உயரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, அதாவது 60 முதல் 80 சென்டிமீட்டர். புள்ளிமானின் தோள் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் வரை வரும், அதற்கு இது சரியாக இருக்கும். கீரி, மரநாய்க்கு ஒரு முழத்துக்கும் கீழே இறக்குங்கள். நின்ற உயரத்தில், கண்மட்டத்தில் கட்டுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. அங்கிருந்து மானின் முதுகுதான் தெரியும்.

பாதைக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி, பாதையை நேர்க்குறுக்காகப் பார்க்காமல் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் திருப்புங்கள். நேர்க்குறுக்காக வைத்தால் மான் ஒரு நொடியில் படத்தின் எல்லையைக் கடந்துவிடும். பாதையின் நீளத்துக்கே வைத்தால் எதிரே நேராக வரும் மிருகம் சென்சாரின் பட்டைகளைக் கடக்காமல் வருவதால் தாமதமாகத்தான் படம் விழும். சாய்வில் இரண்டும் ஓரளவு சரியாகும்.

கிழக்கோ மேற்கோ பார்த்து வைக்காதீர்கள். மான் நடமாடும் நேரமும் சூரியன் தாழ்ந்திருக்கும் நேரமும் ஒன்று. லென்ஸில் நேரே வெயில் விழுந்தால் படம் வெளுத்துப்போகும், சென்சாரும் ஏமாறும். வடக்குப் பார்த்து வைப்பது பாதுகாப்பு.

முன்னால் இரண்டு மீட்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புல்லை மட்டும் மடக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு இலை இருந்தாலும் இரவு விளக்கு அதில் பட்டுத் திரும்பி, அந்த இலை மட்டும் வெள்ளையாக எரியும், பின்னால் மான் கறுப்பாகிவிடும். கிளைகளை வெட்ட வேண்டாம். வேறு கோணம் தேடுங்கள்.

கட்டி முடித்ததும் 'டெஸ்ட்' முறையில் போட்டுவிட்டு, மான் வரும் திசையிலிருந்து குனிந்து, தவழ்ந்து நடந்து பாருங்கள். எந்த இடத்தில் சிறு விளக்கு மின்னுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. வெட்கப்படாமல் தவழுங்கள், இந்த ஐந்து நிமிடம் இரண்டு வாரத்தைக் காப்பாற்றும். மரத்துக்கும் கேமராவின் மேல்விளிம்புக்கும் நடுவே ஒரு சுள்ளியைச் செருகினால் பார்வை கீழே சாயும்.

அமைப்புகளில் அதிகம் குழம்ப வேண்டாம். ஒரு அசைவுக்கு மூன்று படம், பிறகு முப்பது விநாடி ஓய்வு. வீடியோ பின்னால் பார்க்கலாம், இரவு வீடியோ செல்லைக் குடித்துவிடும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். கார்டைக் கம்ப்யூட்டரில் அழிக்காமல் கேமராவிலேயே 'ஃபார்மட்' செய்யுங்கள்.

எறும்பு, ஈரம், குரங்கு

எங்கள் கேமராவை முதலில் வீழ்த்தியது எறும்பு. செல் அறையின் கதகதப்பு அவற்றுக்குப் பிடித்துப்போய், முட்டைகளோடு குடிவந்துவிட்டன. இப்போது நாடாவின் இரு பக்கமும் வாஸ்லின் தடவி விடுகிறேன், பெரும்பாலும் ஏறுவதில்லை. பல்லி லென்ஸ் மேல் உட்காரும், சிலந்தி முன்னால் வலை பின்னும். கார்டு மாற்றும்போதெல்லாம் மென்துணியால் துடையுங்கள்.

சென்னையில் கடல்காற்று எந்நேரமும் உப்பும் ஈரமுமாக இருக்கும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மாதம் ஒரு முறை மாற்றுங்கள். செல் முனைகளில் பச்சை படிந்தால் அழிரப்பரால் தேய்த்தெடுக்கலாம். ஓரத்து ரப்பர் வளையத்தில் மணல் ஒன்று சிக்கினாலும் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் இறங்கிவிடும். கனமழை எச்சரிக்கை வந்தால் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வெள்ளம் தரையோடுதான் ஏறும்.

நாட்டுக்குரங்குகள் புதுப்பொருளை விடாது, பிடித்து இழுக்கும். திருட்டும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு இரும்புப் பெட்டியும் பூட்டுக் கம்பியும் போடுங்கள். 'வனவிலங்கு ஆய்வு, நிர்வாக அனுமதியுடன்' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

கார்டு மாற்றப் போவது

தினமும் போய்ப் பார்க்க ஆசை வரும். போகாதீர்கள். மானுக்கு மோப்பம் கூர்மை. நாம் நடந்த தடத்தில் வாசம் கிடக்கும் வரை அது வேறு பக்கம் சுற்றிப் போகும். பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒரு முறை போதும். காலை ஒன்பதுக்கு மேல், மதியத்துக்குள் போங்கள். அப்போது மான் நிழலில் படுத்திருக்கும், உங்களுக்கும் கால் வைக்கும் இடம் தெரியும். இந்தப் புதர்களில் கண்ணாடிவிரியனும் நல்லபாம்பும் உண்டு. மூடிய ஷூ போடுங்கள், தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள். வீடு திரும்பியதும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா பாருங்கள். கார்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், படங்களை அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

படங்களைப் படிப்பது

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், இடம், என்ன மிருகம், எத்தனை, ஆணா பெண்ணா, குட்டி உண்டா. ஆண்மானின் கொம்பு மென்தோல் போர்த்தியிருக்கிறதா, தோல் உரிந்து கடினமாக இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். ஒரே மான் பத்து நிமிடம் கேமரா முன் நின்றால் அறுபது படம் வரும், அது அறுபது மான் ஆகாது. ஆய்வாளர்கள் பலர் அரைமணி நேர இடைவெளி இருந்தால்தான் புதிய வருகையாக எண்ணுகிறார்கள். அதையே நீங்களும் பின்பற்றலாம். புள்ளிமானின் உடம்புப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. பக்கவாட்டுப் படங்களைச் சேர்த்து வைத்தால் சில மாதங்களில் ஒன்றிரண்டை அடையாளம் தெரிந்துகொள்வீர்கள். அந்த நாள் வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

மானுக்கு அடுத்தபடி அதிகம் வருவது தெருநாய். அந்தப் படங்களை எரிச்சலில் அழித்துவிடாதீர்கள், அவைதான் மிகவும் பயன்படும். எங்கள் இடத்தில் நாய்க்கூட்டம் விடிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே, மதிலில் ஒரே ஒரு உடைப்பு வழியாக வருவது படங்களில் தெரிந்தது. தேதி வாரியாக எழுதிக் கொடுத்தோம். உடைப்பை அடைத்தார்கள், பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டிக்கு மூடி வந்தது.

எறும்புத்தின்னியோ நட்சத்திர ஆமையோ பதிவானால் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், குழுக்களில் போடாதீர்கள். இரண்டையும் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வனத்துறைக்கு மட்டும் தெரிவியுங்கள்.

குட்டிமான் தனியாகப் புதரில் சுருண்டு கிடக்கும் படமும் ஒருநாள் வரும். தாய் விட்டுப்போய்விட்டது என்று ஓடிப்போய்த் தூக்காதீர்கள். குட்டியை மறைத்து வைத்துவிட்டு மேயப் போவதுதான் தாய்மானின் பழக்கம், மேய்ந்துவிட்டுத் திரும்பி வரும். அடிபட்டிருப்பதோ நாய் கடித்திருப்பதோ படத்தில் தெளிவாகத் தெரிந்தால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். மற்றபடி அந்தப் பக்கம் இரண்டு வாரத்துக்குப் போகவே போகாதீர்கள், கார்டு நிரம்பினாலும் சரி.